வன்னியின் ஏடுகள்: படியெடுத்தலின் வரலாறு

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்கள் சேர்ந்த வன்னிப் பெருநிலத்தின் பழைய எழுத்துகள் ஒரே கூரையின்கீழ் ஒருபோதும் இருந்ததில்லை. தஞ்சாவூர் சரசுவதி மகாலைப் போல அரசர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த நூலகம் இங்கே எழவில்லை. பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை, கருநாவற்பற்று, மேல்பற்று, தென்னமரவடி எனப் பற்றுகளாகப் பிரிந்திருந்த நாட்டை வன்னியர் எனப்பட்ட சிற்றரசர்கள் ஆண்டபோதும் ஏடுகள் வீடுகளிலும் கோயில்களிலுமே இருந்தன. பரியாரியார் வீட்டில் வாகடம், சாத்திரியார் வீட்டில் சோதிட ஏடு, அண்ணாவியார் வீட்டில் கூத்து ஏடு, பூசாரியார் பொறுப்பில் அம்மன் கதை என்று ஒவ்வொரு ஏடும் தன்னைப் பயன்படுத்திய கையிலேயே தங்கியது. அதனால் வன்னியில் ஏடு காத்த வரலாறு என்பது பெரும்பாலும் ஏட்டைப் படியெடுத்த வரலாறே. ஓலையிலிருந்து ஓலைக்கும், ஓலையிலிருந்து அச்சுக்கும், இப்போது ஒளிப்படத்துக்கும் மாறியவை பிழைத்தன. ஒரே படியாக நின்றவை அழிந்தன.

ஓலையும் அதன் ஆயுளும்

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் எழுதப் பயன்பட்டது பெரும்பாலும் பனையோலை. முற்றாத ஓலையை வெட்டி, ஈர்க்கு நீக்கி, உலர்த்தி, வெந்நீரில் அவித்து, மறுபடி நிழலில் காயவைத்து, சங்கு அல்லது வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினர். பிறகு ஒரே அளவில் நறுக்கித் துளையிட்டு, கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினர். எழுத்தாணியால் கீறிய எழுத்து ஓலையின் நிறத்திலேயே இருக்கும். விளக்குக் கரியோடு கோவையிலை அல்லது ஊமத்தையிலைச் சாறு கலந்து பூசித் துடைத்தபின்பே அது கறுத்துத் தெரியும். கரி கீறலுக்குள் தங்கிவிடும், இலைச்சாறு பூச்சியை விலக்கும். எழுத்தைத் தெளிவாக்கும் வேலையும் ஏட்டைக் காக்கும் வேலையும் இப்படி ஒன்றாகவே நடந்தன.

நல்ல ஓலை முந்நூறு ஆண்டு தாங்கும். ஆனால் வன்னியின் காலநிலை அதற்கு உகந்ததல்ல. ஆண்டின் பெரும்பகுதி வெயிலில் வறண்டு கிடக்கும் நிலம், ஐப்பசி தொடங்கித் தை வரை மாரி மழையில் ஊறிப்போகும். வறட்சியில் ஓலை முறியும், ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மண்சுவரும் கிடுகுக் கூரையுமான வீடுகளில் கறையானுக்குக் குறைவில்லை. எனவே ஏட்டுக்கட்டைத் துணியில் சுற்றி, அடுப்புப் புகை படும்படி கூரையின் கீழ் தொங்கவிடுவதும், வேப்பிலையோ வசம்போ இடையில் வைப்பதும் வழக்கமாயின. நவராத்திரியில் ஏடுகளை இறக்கித் தூசி தட்டிப் பூசையில் வைத்தது ஆண்டுக்கொருமுறை நடந்த பராமரிப்பாகவும் அமைந்தது. இவ்வளவுக்குப் பின்னும் ஓலை நொறுங்கத் தொடங்கினால் எஞ்சியிருந்த வழி புதிய ஓலையில் எழுதிக்கொள்வது ஒன்றே. மூன்று, நான்கு தலைமுறைக்கு ஒருமுறை யாராவது உட்கார்ந்து முழு நூலையும் திரும்ப எழுதியதால்தான் ஒரு நூல் நிலைத்தது. எழுதுகிறவர் இல்லாத வீட்டில் ஏடு பூசைப் பொருளாகி, பின் பொடியாகியது.

வன்னியில் எழுதப்பட்டவை

வன்னியைப் பற்றிய தமிழ் நூல்களில் முதன்மையானது வையாபாடல். யாழ்ப்பாண அரசின் தோற்றத்தையும், வன்னியர் வந்து அடங்காப்பற்று எனப்பட்ட வன்னியில் குடியேறிய கதையையும், அவர்களோடு வந்த குடிகளையும் தெய்வங்களையும் அது பாடுகிறது. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாண வைபவமாலையை எழுதிய மயில்வாகனப் புலவர் தமக்கு ஆதாரமாக நான்கு நூல்களைச் சொல்கிறார்: கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை. கைலாயமாலையும் வையாபாடலும் பல கைகளில் படியெடுக்கப்பட்டிருந்தன, பிற்காலத்தில் அச்சேறின. பரராசசேகரன் உலாவும் இராசமுறையும் இன்று பெயரளவில் மட்டுமே உள்ளன. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு புலவர் கையில் இருந்த இவ்விரு நூல்கள் இருபதாம் நூற்றாண்டுக்கு வந்துசேரவில்லை. இந்த இழப்புக்கு எந்தத் தீயும் காரணமானதாகத் தெரியவில்லை. படியெடுக்க ஆளில்லாமற்போவதே அதற்குப் போதும்.

வரலாற்று நூல்களைவிட வன்னி மக்களின் வாழ்வோடு ஒட்டியிருந்தவை வழிபாட்டு ஏடுகளும் கூத்து ஏடுகளும். முல்லைத்தீவில் நந்திக்கடற் கரையிலுள்ள வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் ஒவ்வொரு வைகாசியும் பொங்கல் நடக்கிறது. கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரிக்கும் வழக்கம் அதன் சிறப்பு. இந்த வழிபாட்டைச் சூழ்ந்து கண்ணகி கதை பாடலாகவும் கூத்தாகவும் வளர்ந்தது. முல்லைமோடி என்ற தனி ஆட்டமரபில் ஆடப்பட்ட கோவலன் கூத்து அண்ணாவிமாரின் ஏடுகளிலிருந்து கொப்பிகளுக்கு மாறி வந்தது. ஒவ்வொரு அண்ணாவியாரும் தம் கொப்பியில் பாட்டைக் கூட்டியும் குறைத்தும் எழுதியதால், கிடைக்கும் ஒவ்வொரு படியும் தனித்த சான்றாகிறது. கிழக்கில் இதே கதையைச் சொல்லும் கண்ணகி வழக்குரை பல ஏடுகளை ஒப்பிட்டு வி. சீ. கந்தையாவால் 1968இல் பதிப்பிக்கப்பட்டதோடு இதை வைத்துப் பார்த்தால், வன்னிப் படிகளின் மதிப்பு விளங்கும்.

மருத்துவ ஏடுகள் மூன்றாவது வகை. பாம்புகள் மலிந்த காட்டுநாட்டில் விடகடி வைத்தியமும், வயலும் பட்டியுமாக வாழ்ந்த குடிகளுக்கு மாட்டு வாகடமும் அன்றாடத் தேவைகளாக இருந்தன. இந்த ஏடுகளை வெளியாருக்குக் காட்டுவதில்லை என்ற கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. மருந்துமுறை தகப்பனிடமிருந்து மகனுக்கோ குருவிடமிருந்து ஒரு மாணவனுக்கோ மட்டுமே போயிற்று. மருத்துவத்தைக் காத்த அந்த மறைப்பு ஏட்டுக்குக் கேடாயிற்று. வாரிசு இல்லாத பரியாரியாரோடு அவருடைய ஒற்றைப்படியும் முடிந்துபோனது.

பிறர் எழுதிவைத்த வன்னி

வன்னியர் ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகக் கொடுத்த காலத்துக் கணக்குகளும் கடிதங்களும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்களில் உள்ளன. அந்தக் கம்பனியின் ஆவணத் தொகுதியை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 1780களின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் வன்னியைப் படைகொண்டு அடக்கியபின் அதை நிருவகித்த தோமஸ் நாகெல், 1793இல் இந்நாடு பற்றி ஓர் அறிக்கை எழுதினார். 1803 ஆகஸ்ட் 25ஆம் திகதி வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியதும், அதே ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி கற்சிலைமடுவில் தோற்றதும் ஆங்கிலேயரின் படைக்குறிப்புகள் வழியாகவே திகதியோடு தெரியவருகின்றன. பிரித்தானிய சிவில் சேவை அதிகாரி ஜே. பி. லூயிஸ் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களுக்கென எழுதிய கையேடு 1895இல் கொழும்பில் அச்சாயிற்று. குளங்கள், ஊர்கள், கோயில்கள், சடங்குகள், நம்பிக்கைகள் என்று அவர் திரட்டிய செய்திகள் இன்றும் வன்னி ஆய்வின் அடிப்படை.

இலங்கையில் பணியாற்றிய இன்னோர் அதிகாரியான ஹியூ நெவில் ஏடுகளையே தேடிச் சேர்த்தார். அவர் 1897இல் இறந்தபின் 2,227 சுவடிகள் கொண்ட அவருடைய தொகுதி 1904இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. பெரும்பாலும் சிங்கள, பாளி ஏடுகளைக் கொண்ட அத்தொகுதியில் தமிழ் ஏடுகளும் அடங்கும். ஏடு நாட்டைவிட்டுப் போனது இழப்பே. ஆனால் ஆட்சியாளரின் ஆவணமும் அவர்கள் சேர்த்த ஏடும் பட்டியலிடப்பட்டு, பாதுகாக்கப்பட்டு நின்றன. குடிமக்களின் ஏடு கூரையின் கீழ் தொங்கியது. வன்னியின் பழமை பற்றிய இன்றைய அறிவு ஆண்டவர்களின் பக்கம் சாய்ந்திருப்பதற்கு இதுவே காரணம்.

அச்சு ஏறியவை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலரும், சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் ஏடுகளைத் தேடி அச்சிடும் பணியைத் தொடங்கினர். கட்டை அவிழ்த்தாலும் ஒடிகிற, புரட்டினாலும் உதிர்கிற ஏடுகளின் நிலையைத் தாமோதரம்பிள்ளை தம் கலித்தொகைப் பதிப்பின் முன்னுரையில் மனம் நொந்து எழுதியிருக்கிறார். அவர்களுடைய கவனம் இலக்கணத்திலும் பேரிலக்கியத்திலும் சமய நூல்களிலும் இருந்தது. உள்ளூர் வரலாறும் மருத்துவமும் கூத்தும் அச்சுக்கு வர மேலும் காலம் எடுத்தது.

யாழ்ப்பாண வைபவமாலையைக் கிறிஸ்தோபர் பிரித்தோ 1879இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். குல. சபாநாதனின் தமிழ்ப் பதிப்பு 1949இல் வந்தது. வையாபாடல் 1921இல் அச்சேறியது. க. செ. நடராசா படிகளை ஒப்பிட்டுத் திருத்திய பதிப்பைக் கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1980இல் வெளியிட்டது. யாழ்ப்பாண அரசர் காலத்து மருத்துவத் தொகுப்பான பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையா 1928 முதல் பல பாகங்களாகப் பதிப்பித்தார். வன்னிக்கென்று எழுதப்பட்ட ஆய்வு நூல்களும் வந்தன: சி. எஸ். நவரத்தினம் 1960இல் ஆங்கிலத்திலும், சி. பத்மநாதன் 1970இல் தமிழிலும் வன்னியர் வரலாற்றை எழுதினர். முள்ளியவளையைச் சேர்ந்த முல்லைமணி வே. சுப்பிரமணியம் பண்டாரவன்னியன் நாடகத்தையும் வன்னி பற்றிய கட்டுரைகளையும் எழுதி, ஊர்வழக்குகளை நூலாக்கினார். இவர்களின் கைக்கு எட்டிய ஏடுகள் அழிவைத் தாண்டிவிட்டன.

தீயும் கடலும் இடப்பெயர்வும்

1933இல் தனியொருவரின் முயற்சியாகத் தொடங்கி, 1959இல் புதிய கட்டடத்தில் திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம், வடபகுதி முழுவதற்கும் ஏடுகளைச் சேர்த்துவைத்த இடமாக வளர்ந்தது. 1981 மே 31ஆம் திகதி இரவு அது எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அங்கிருந்த வைபவமாலைச் சுவடியும் எரிந்தது, ஆனால் நூல் அச்சில் இருந்ததால் பிழைத்தது. அச்சேறாத ஏடுகளுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. ஏடுகளை ஓரிடத்தில் சேர்ப்பது காப்பாகும், படியெடுக்காமல் சேர்த்தால் அதுவே ஆபத்துமாகும் என்பதை அந்த இரவு உணர்த்தியது.

வன்னியில் அழிவு வேறு வகையில் நடந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து போரினால் இடம்பெயர்ந்த குடும்பங்களில் பெருந்தொகையானவை வன்னிக்கு வந்தன. கையோடு கொண்டுவர முடிந்த உறுதிகளும் குறிப்புகளும் சில ஏடுகளும் அவர்களோடு வந்தன. 1996இல் கிளிநொச்சி நகர் போர்க்களமாகி மக்கள் காடுகளுக்குப் போயினர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை முல்லைத்தீவு நகரையும் கரையோர ஊர்களையும் வாரிச் சென்றது. 2008இல் மேற்கே மன்னார்ப் பக்கமிருந்து தொடங்கிய இடப்பெயர்வு ஊர் ஊராகக் கிழக்கே நகர்ந்து, 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்கள் செட்டிகுளம் மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

ஒரே குடும்பம் பலமுறை இடம்பெயர்ந்தபோது ஒவ்வொரு முறையும் சுமை குறைந்தது. முதலில் தளபாடம், பிறகு புத்தகங்கள், பிறகு பாத்திரங்கள் என்று கைவிடப்பட்டன. கடைசி வரை மடியில் இருந்தவை அடையாள அட்டை, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் போன்றவையே. பாடசாலை நூலகங்களும் பிரதேச சபை நூலகங்களும் கோயில் கணக்குக் கொப்பிகளும் பதுங்குகுழி ஓரங்களில் மண்ணாயின. வன்னியில் அச்சான இதழ்களும் செய்தித்தாள்களும் நூல்களும் அவ்வாறே அழிந்தன. பொருளாதாரத் தடைக் காலத்தில் கிடைத்த தாளில் அச்சிடப்பட்டவை அவை. மலிவான தாளில் தங்கும் அமிலம் சில பத்தாண்டுகளிலேயே அதை மஞ்சளாக்கி நொறுக்கிவிடும். எனவே வன்னியில் முப்பது ஆண்டுப் பழமையான செய்தித்தாள், இருநூறு ஆண்டுப் பழமையான ஓலையைவிட அவசர நிலையில் இருக்கிறது.

திருத்தலும் எண்ணிமப்படுத்தலும்

ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் காக்கும் முயற்சி 2005இல் நூலகம் இணையத்தளமாகத் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்டு, நூலக நிறுவனமாக வளர்ந்தது. நூல், இதழ், செய்தித்தாள், சிறப்பு மலர், நினைவு மலர் என்று பரந்த சேகரத்தில் வன்னியின் பாடசாலை மலர்களும் கோயில் மலர்களும் அடங்கும். ஓலைச்சுவடி, ஒளிப்படம், ஒலிப்பதிவு ஆகியவற்றுக்கு ஆவணகம் என்ற தனித்தளம் அமைந்தது. பிரித்தானிய நூலகம் 2004இல் தொடங்கிய அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு வடபகுதி ஏடுகளும் எண்ணிமப்படுத்தப்பட்டுள்ளன. மூலப் பொருள் நாட்டைவிட்டு வெளியேறக்கூடாது என்பது அத்திட்டத்தின் விதி. நெவில் காலத்து நடைமுறைக்கு நேர்மாறான இந்த விதியே ஏட்டுக்காரரின் அச்சத்தைக் குறைக்கிறது. படம் உலகெங்கும் போகலாம், ஏடு அந்த வீட்டுச் சாமியறையிலேயே இருக்கும்.

ஓர் ஏட்டுக்கட்டு எண்ணிமப்படுத்தப்படும் முறை பொறுமையை வேண்டுவது. கட்டு வந்தவுடன் அவிழ்ப்பதில்லை. அது கிடந்த நிலையிலேயே முதலில் படமெடுத்து, நீள அகலமும் ஏடுகளின் எண்ணிக்கையும் சேதமும் குறிக்கப்படும். கயிறு இற்றிருந்தால் ஏட்டின் வரிசை குலையாதபடி, ஓரத்தில் தமிழெண்ணால் இடப்பட்ட ஏட்டெண்ணைப் பார்த்தே ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். மென்மையான தூரிகையால் தூசியும் பூச்சிக் கழிவும் நீக்கப்படும். ஒட்டிக்கொண்ட ஏடுகளை இழுத்துப் பிரித்தால் ஒன்றின் எழுத்து மற்றதோடு உரிந்து போகும், ஆகவே ஈரப்பதத்தை மெல்ல ஊட்டி, அவை தாமே விடும்வரை காத்திருக்க வேண்டும். எழுத்து மங்கியிருந்தால் விளக்குக்கரி பூசித் துடைப்பர். எலுமிச்சைப்புல் எண்ணெய் ஓலைக்கு நெகிழ்வைத் தந்து பூச்சியையும் விலக்கும். முறிந்த ஓரங்களுக்கு மெல்லிய ஜப்பானியத் தாள் ஒட்டப்படும். பழைய ஊமத்தையிலைச் சாறு செய்த வேலையின் தொடர்ச்சிதான் இந்தக் கரியும் எண்ணெயும்.

பிறகு நிலையான தாங்கியில் பொருத்திய கமராவின் கீழ் அளவுகோலும் நிற அட்டையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வோர் ஏட்டின் இரு பக்கமும் படமாகும். கரி உதிர்ந்த ஏட்டுக்கு ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாய்ச்சினால் எழுத்தாணிக் கீறல் நிழலாக எழும்பி வாசிக்கக் கிடைக்கும். சுருக்கப்படாத மூலப்படம் தனியாகவும், பயன்பாட்டுக்குரிய சிறிய படம் தனியாகவும் சேமிக்கப்பட்டு, வெவ்வேறு ஊர்களில் குறைந்தது மூன்று படிகள் வைக்கப்படும். வன்தட்டும் சில ஆண்டுகளில் பழுதாகும் என்பதால் அதையும் காலந்தோறும் புதியதற்கு மாற்ற வேண்டும். படியெடுக்கும் கடமை எண்ணிமத்திலும் முடிவதில்லை.

படத்தைவிடக் கடினமானது அதற்கு எழுதும் மீதரவு, அதாவது ஏடு பற்றிய விவரக்குறிப்பு. எழுத்தாணிப் புள்ளி ஓலையைத் துளைத்துவிடும் என்பதால் ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் வேறுபடா, கால் எழுத்தும் ரகரமும் ஒன்றுபோல் நிற்கும், சொற்களுக்கிடையே வெளி இராது. எழுதிய ஆண்டு அறுபதாண்டு வட்டத்துப் பெயராகவே இருக்கும். அதே பெயர் மீண்டும் மீண்டும் வருவதால் எந்த நூற்றாண்டு என்பதை வேறு சான்றுகளால் கண்டறிய வேண்டும். இவற்றை வாசிப்பவர்கள் அருகி வருகிறார்கள். வாகடத்தின் மருந்துப்பெயரும் அளவும் பரம்பரைப் பரியாரியாருக்கே முழுதாக விளங்கும், கூத்து ஏட்டின் தாளக்கட்டு அண்ணாவியாருக்கே தெரியும். அவர்கள் உயிரோடிருக்கும்போது அவர்களை வாசிக்கவைத்து ஒலிப்பதிவு செய்வதும் ஏடு காக்கும் பணியின் பகுதியே.

செய்யவேண்டியது

நிருவாக எல்லைகள் மாறியதும் வன்னி ஆவணங்களைச் சிதறடித்தது. முல்லைத்தீவு மாவட்டம் 1978இலும் கிளிநொச்சி மாவட்டம் 1984இலும் உருவானதால், ஓர் ஊரின் பழைய பதிவுகள் வவுனியா, யாழ்ப்பாணம், கொழும்பு என மூன்று இடங்களில் தேடப்படவேண்டியவை ஆயின. இன்று 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கும் வவுனியாப் பல்கலைக்கழகமும், கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்களும் வன்னி மண்ணிலேயே உள்ளன. ஊர்வாரியாக ஏடுகளின் பெயர்ப்பட்டியல் ஒன்றை உருவாக்கவும், மாணவருக்கு ஏடு வாசிக்கப் பயிற்சி கொடுக்கவும், ஒளிப்படக் கருவியோடு வீடுகளுக்குச் செல்லும் குழுவொன்றை அமைக்கவும் இவற்றால் முடியும். பிரதேச சபை நூலகங்கள் இதில் சேர்ந்தால் ஏட்டுக்காரர் தூரம் போகவேண்டியிராது.

இந்தப் பணியின் முதற்படி நிறுவனங்களிடம் இல்லை, வீடுகளில் இருக்கிறது. பெட்டியிலோ சாமியறையிலோ பழைய ஏட்டுக்கட்டு வைத்திருப்பவர்கள் அதை வெயிலில் காயவைக்கவோ, தண்ணீரில் கழுவவோ, தேங்காயெண்ணெய் பூசவோ, ஒட்டியதை இழுத்துப் பிரிக்கவோ கூடாது. பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வைத்து, அருகிலுள்ள நூலகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ செய்தி சொன்னால் போதும். கூத்துக் கொப்பி, கோயில் மலர், பாடசாலைச் சஞ்சிகை, கல்வெட்டு எனப்படும் இறந்தவர் நினைவுப் பாடல் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். ஏட்டை யாருக்கும் கொடுக்கத் தேவையில்லை. படியெடுக்க இடங்கொடுத்தால் போதும். வன்னியில் இதுவரை நிலைத்த ஒவ்வொரு நூலும் அப்படி இடங்கொடுத்த ஒருவராலேயே நிலைத்தது.